பெட்டிக்குள் தங்கிய சூடு

மஹய்யாவ வரிசை வீடுகளில் குடியிருந்த யோசப்பினின் சோற்றுப்பானை, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டு பெரிய வாரத்துப் புதன்கிழமையன்று, நெருப்பே இல்லாமல் வெந்தது. அன்று கண்டியில் வெயில் சுமார். சந்தையில் பூசணிக்காய் மலிவு. சனம் பேசிக்கொண்டது பூசணிக்காயைப் பற்றித்தான். மற்றச் செய்தி யோசப்பினைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளோ ஆவி பறக்கும் பானைக்கு முன்னால் குந்திக்கொண்டு, இது பாவத்தில் சேருமா புண்ணியத்தில் சேருமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் நெருப்புக்கும் நெடுநாள் பகை. காரணம், ஒரே மகள் டொரதி. ஆறு வயதுப் பிள்ளை. எங்கே அடுப்பு மூட்டினாலும் அதற்கு மூச்சு இழுக்கும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோலச் சத்தம் கேட்கும், உதடு நீலம் பாயும். ஆஸ்பத்திரி டாக்டர் பிள்ளையைப் புகை இல்லாத இடத்தில் வைத்து வளர்க்கச் சொன்னார். புகை இல்லாத இடம் என்றால் வாவியைச் சுற்றியிருந்த பங்களாக்கள்தான். அங்கே மின்சார விளக்கு வந்துவிட்டது, சமையலறையும் தள்ளி எங்கோ பின்பக்கம். மஹய்யாவயில் எல்லா வீட்டுக்கும் ஒரே நீளக் கூரை. வீட்டுக்கு வீடு நடுச்சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேலே வெட்டவெளி. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எட்டாவது வீட்டில் பசி எடுக்கும். விறகுக்குப் பெண்கள் உடவத்தகெல காட்டோரம் போனார்கள். வருஷத்துக்கு வருஷம் காடு மேலே பின்வாங்க, அவர்களும் மேலே மேலே ஏறினார்கள். போதாததை அலவத்துகொட முஹைதீன் மாட்டுவண்டியில் கொண்டுவந்து விற்றார். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இப்படியே போனால் பிள்ளை ஆளாகும் என்று நம்ப வேண்டாம் என்றார். யோசப்பின் அழவில்லை. அழுதால் மூக்கடைக்கும், மூக்கடைத்தால் புகை வருவது தெரியாது என்பது அவள் கணக்கு.

பாஸ்குவுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவசுகாலம் வந்தது. மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள். சிலர் சாராயத்தை விட்டார்கள், அதாவது விட்டதாகக் கோயில் சாமியாரிடம் சொன்னார்கள். யோசப்பின் விறகை விட்டாள். ஒரு நாளைக்கு ஒரு கொதி, அதற்கு மேல் ஒரு சுள்ளியும் எரிப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அவள் பிறந்தது கெலிஓயாப் பக்கத்துத் தோட்டத்தில். தகப்பன் தேயிலைப் பெட்டி அடைப்பவர். சூடாக அடைத்த தூள் மறுநாளும் பெட்டிக்குள் கதகதவென்று இருப்பதைச் சின்ன வயதில் கைவிட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த ஞாபகத்தில், கடைத்தெருவில் தூக்கிப்போட்டிருந்த, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றைத் தலையில் சுமந்து வந்தாள். கல்யாணத்துக்குக் கொடுத்த தலையணைகளைக் கிழித்து இலவம் பஞ்சை அதற்குள் அடைத்தாள். அரிசி ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கிப் பஞ்சுக்குள் புதைத்து மூடி, அடுப்பை அணைத்துவிடுவாள். மத்தியானம் திறந்தால் சோறு பொலபொலவென்றிருக்கும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். அதிசயம் தவசுகாலத்தின் கடைசியான பெரிய வாரத்தில் நடந்தது. கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அவதியில், அரிசியைக் களைந்து பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைக்க மறந்து, நேராகப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் போய்விட்டாள். கர்த்தர் இரண்டாம் முறை விழுந்த இடத்தில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஓடிவந்து திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. தவசுகாலம் முழுக்க மிச்சம் பிடித்த சூடு எங்கும் போகாமல் பஞ்சுக்குள்ளேயே குடியிருந்தது. பானை எடுத்துப்போகும் சூட்டை அது மறுநாளைக்குள் தானே உண்டாக்கிக்கொண்டது. வேலையில்லாமல் திறந்து பார்த்தால் மட்டும் அதற்குப் பிடிக்காது. அன்றைக்கு முழுதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சில்லென்று கிடக்கும். கர்த்தர் உயிர்த்தெழுந்த பாஸ்குப் பெருநாள் முடிந்தும் யோசப்பின் அடுப்பு மூட்டவில்லை.

வந்தது வினை. மஹய்யாவயில் ஒரு குடும்பத்தின் மானம் அதன் கூரைக்கு மேலே எழும் புகையில் இருந்தது. ஒரு பக்கத்து ஓடுகளில் மட்டும் புகை வரவில்லை என்றால் அங்கே பட்டினி என்று அர்த்தம். வேறு அர்த்தம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. கோயில் தர்மசபைத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர், நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சாக்கு அரிசியைக் கொண்டுவந்து யோசப்பின் வாசலில் இறக்கிவிட்டு, வறுமை ஒரு குற்றமல்ல என்று சின்னதாய்ப் பிரசங்கமும் வைத்தார். அந்த அரிசியும் பெட்டிக்குள்தான் வெந்தது. அவள் புருஷன் மத்தியாஸுக்கோ அது தொண்டையில் இறங்கவில்லை. மத்தியாஸ் சந்துகளில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றும் வேலைக்காரன். தோளில் ஏணியோடு நடந்தால் ஊரே தலையாட்டும். இப்போது, ஊருக்கெல்லாம் விளக்கேத்துகிறவன் வீட்டில் அடுப்பு எரியவில்லையாம் என்று அவன் காதுபடவே சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரு நாள் யோசப்பின் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு போன சமயம் பார்த்து, மத்தியாஸ் அடுப்பு நிறைய ஈரத் தேங்காய் மட்டையை அடுக்கி நெருப்பு வைத்தான். சமைக்க ஒன்றுமில்லை, புகை மட்டும்தான் வேண்டியிருந்தது. அந்த வருஷத்திலேயே மஹய்யாவ கண்ட பெரிய புகை அதுதான். வாசலில் நின்று கூரையைப் பார்த்து அவன் நெஞ்சு நிமிர்ந்துகொண்டிருந்தபோது, உள்ளே பூனைக்குட்டி கத்தும் சத்தம் கேட்டது. யோசப்பின் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் மத்தியாஸே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருந்தான். டொரதிக்கு மூச்சு சீராகப் பொழுது சாய்ந்துவிட்டது. மத்தியாஸ் இறங்கி வந்து, இருந்த தண்ணீரையெல்லாம் அடுப்பில் கொட்டினான்.

"சனம் என்ன வேணும்னாலும் பேசிக்கட்டும் புள்ள. இனிமே இந்த வீட்டுல நெருப்புக்கு வேல இல்ல" என்றான். யோசப்பின் விளக்குமாற்றை எடுத்து ஈரச் சாம்பலைக் கூட்டி வெளியே தள்ளினாள்.

இப்படி ஐந்து வருஷம் போனது. அதற்கிடையில் ஒரு நாள், விறகு வாங்காத வீட்டு முன்னால் முஹைதீன் வண்டியை நிறுத்தி விசாரித்தார். யோசப்பின் அவரிடம் மட்டும், பானை எடுக்கும் நேரம் பார்த்து, பெட்டியைக் காட்டினாள். பஞ்சுக்குள் கையை விட்ட முஹைதீன், சுட்டதும் சடக்கென்று இழுத்துக்கொண்டார். தன் பிழைப்பில் மண் விழுவது அவருக்கு விளங்காமல் இல்லை. ஆனால் உள்ளே பாயில் படுத்திருந்த பிள்ளையையும் அவர் பார்த்தார். "வெறகு வாங்காட்டி பரவால்ல தங்கச்சி. ஒங்கட மகள் மூச்சு வுட்டாப் போதும். எங்கட தோட்டத்துல இலவ மரம் நெறைய ஈக்கிது. பஞ்சு வேணுமெண்டா எனக்கிட்ட செல்லுங்க" என்றார். தன் மனைவி ஹவ்வா உம்மாவுக்கு அவர் இதைச் சொல்ல, அந்த அம்மா அன்றைக்கே தனக்கும் ஒரு பெட்டி செய்யத் தலையணைகளை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் டொரதி முழுதாகத் தேறவில்லை. சொந்த வீட்டில் புகை இல்லையே தவிர, அக்கம்பக்கத்து வீடுகளின் புகை நடுச்சுவரின் தலைக்கு மேலே தாண்டித் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தது. யோசப்பின் பழஞ்சேலைகளைக் கட்டி மறைத்துப் பார்த்தாள். புகை அதையெல்லாம் மதிக்கவில்லை.

முப்பத்து மூன்றாம் ஆண்டு மழை பிடித்தது. வழக்கமான மழைதான், விடுவதற்கு மட்டும் மறந்துவிட்டது. அலவத்துகொட வழியில் மரங்கள் விழுந்து வண்டிகள் நின்றன. அடுக்கி வைத்த விறகில் காளான் பூத்தது. பெண்கள் ஈரச் சுள்ளியை ஊதி ஊதிக் கண் சிவந்தார்கள். சோறு வேகவில்லை, புகை மட்டும் வந்தது. மழைக்குப் பயந்து அதுவும் வெளியே போகாமல் நீளக் கூரைக்குள் கனத்துப்போய்க் கிடந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு போனார்கள். டொரதிக்கு அப்போது பதினொரு வயது. பூனைக்குட்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. சத்தம் போடவும் மூச்சு வேண்டுமே. மத்தியாஸ் அவளை மழையில் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று தெரியாமல் வாசலுக்கும் பாய்க்குமாக நடந்தான்.

யோசப்பின் பெட்டியைத் திறந்தாள். ஐந்து வருஷச் சூடு. பஞ்சு விடியற்கால வானம்போல இலேசாகச் சிவந்திருந்தது. அவள் இரண்டு கையாலும் அள்ளி முறத்தில் வைப்பதைக் கண்டு மத்தியாஸ் திகைத்துப்போனான்.

"அம்புட்டையும் குடுத்துட்டா நம்ம புள்ளைக்கு என்னா புள்ள இருக்கும்?" என்று கேட்டான்.

"நம்ம பெட்டிய மட்டும் காப்பாத்தி என்னாங்க செய்ய? அடுத்த வூட்டுப் பொகைக்கு நம்ம செவரு தெரியாதுங்க" என்றாள் யோசப்பின்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கொடுத்த சூடு வளராமல் போனால், நாளைக்குத் தன் வீட்டிலும் ஈர விறகை எரிக்க வேண்டிவரும். எரித்தால் மகள் இல்லை. இது தெரிந்துதான் வாசல் வாசலாகப் போனாள். அடுப்பை அணையுங்கள் என்று யாரையும் கெஞ்சவில்லை, அடுப்புகள் தாமாகவே அணைந்துபோய்த்தான் கிடந்தன. ஆளுக்கு ஒரு பிடி பஞ்சைக் கொடுத்து, பெட்டியோ கூடையோ, எதிலாவது தலையணைப் பஞ்சை அடைத்து, பாலில் உறை ஊற்றுவதுபோல இதை நடுவில் வைத்து, அரிசிப் பானையையும் புதைத்து மூடுங்கள், நான் சொல்லும்வரைக்கும் யாரும் திறந்து பார்க்காதீர்கள் என்றாள். திறந்து பார்க்காமல் இருப்பதுதான் சனத்துக்குச் சிரமமாக இருந்தது. சில பெண்கள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள், தங்களையே நம்பாமல். கடைசி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அவள் திரும்பியபோது சொந்தப் பெட்டி வெறுமையாக, சில்லென்று கிடந்தது. அன்று அந்த வீட்டில் மட்டும் பெட்டிக்குள் பானை இல்லை. இந்த முறை உண்மையாகவே பட்டினி, யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை கூரைக்குள் கிடந்த புகை, புதிதாக ஆள் வந்து சேராததால், ஒவ்வொன்றாக ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறிப் போய்விட்டது. மத்தியானம் யோசப்பின் சரி என்று சொல்ல, வீடு வீடாக மூடி திறக்கும் சத்தம் கேட்டது. எல்லா வீட்டிலும் சோறு வெந்திருந்தது. உறை விட்ட பஞ்சு பொங்கி, பெட்டிகளின் விளிம்பைத் தொட்டிருந்தது. பெண்கள் கேட்காமலே ஆளுக்கு இரண்டு பிடி அள்ளிக்கொண்டு யோசப்பின் வாசலுக்கு வந்தார்கள். பெட்டி கொள்ளவில்லை. மிச்சத்தை டொரதியின் பாய்க்கடியில் பரப்பினாள். அன்று சாயந்தரம் டொரதி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். மத்தியாஸ் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். மழையில் எந்த விளக்கும் நின்று எரியாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு, சந்து சந்தாகச் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

மழை விட்டதும் முஹைதீன் வண்டியில் விறகுக்குப் பதில் பஞ்சு மூட்டைகள் வந்தன. அலவத்துகொடயில் ஹவ்வா உம்மாவின் பெட்டியிலிருந்து ஊரே உறை வாங்கியாகிவிட்டது என்றார். பஸ்தியாம்பிள்ளைக்கு மட்டும் சந்தேகம். நெருப்பில்லாச் சோறு வேதத்துக்கு அடுக்குமா என்று சாமியாரிடம் கேட்டார். சாமியார், சோறு குழையாமல் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். "ஓம் சுவாமி, நான் சாப்பிட்டுப் பாத்தனான். நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்ட பஸ்தியாம்பிள்ளை, போகும் வழியில் யோசப்பினிடம் தயங்கித் தயங்கி ஒரு பிடி வாங்கிக்கொண்டார். விறகுக்கு ஆள் வராததைக் கண்டு உடவத்தகெல காடும் கீழே இறங்கத் தொடங்கியது. அவசரப்படாமல் வருஷத்துக்குக் கொஞ்சமாக நடந்து வந்து, பீலி இருந்த இடத்தோடு நின்றது. தண்ணீருக்குப் போனவர்கள் மரங்களுக்கு வழிவிட்டு நின்று, பிறகு நிழலில் குடத்தை இறக்கினார்கள்.

முப்பத்தாறாம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நத்தார் காலைப் பூசையில் குளோரியா கீதத்தைத் தனியாகப் பாட டொரதி எழுந்து நின்றாள். பதினான்கு வயது, வெள்ளைச் சட்டை. முதல் வார்த்தையை எடுத்தவள் அதை விடவில்லை. ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்தியபடி காத்திருந்து, விரல் வலித்துக் கையை எடுத்துவிட்டார். குரல் மட்டும் ஓயவில்லை. தூண்களைச் சுற்றிக்கொண்டு, சன்னல் வழியாக வெளியே போய், வாவிக்கு மேலே ஒரு வட்டமடித்துவிட்டு, அதே மூச்சில் உள்ளே வந்தது. பீடத்தில் சாமியார் கையை விரித்தபடியே காத்திருந்தார். அவருக்கு அவசரம் இல்லை. மத்தியாஸ் சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான், வெட்கப்படவில்லை. யோசப்பின் அப்போதும் அழவில்லை. அவளுக்குச் சந்தோஷம், நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். பன்னிரண்டாவது வரிசையில் முழந்தாளில் இருந்தபடி மெல்லச் சொன்னாள்:

"மூச்சு வாங்கிக்க புள்ள. வேண்டிய மட்டும் இருக்கு."

டொரதி அப்புறம்தான் மூச்சு வாங்கி, மற்ற வரிகளைப் பாடி முடித்தாள். பூசை நீண்டுபோனது. யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது சோறு வெந்திருந்தது.