சுற்றிப் பார்க்க வந்தவர்கள்

1

இந்தக் கதை சோற்றுக்காகப் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் இலக்கிய நேர்மையைப் பற்றிப் பேச வரக்கூடாது. நான் குடியிருக்கும் கட்டிடத்தில், எனக்கு நேர் மேல்தளத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இன்னும் நடக்கத் தொடங்காத ஒரு பெண் குழந்தை. மனைவியின் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருந்தார்கள். அந்த அம்மா வந்து இறங்கிய வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குச் சாப்பாடு மேலேதான். நான் தனிக்கட்டை. எனக்கு அது சின்ன விஷயமில்லை.

விசா முடியப்போகும் நேரம். நான் இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பேச்செடுத்தார். (அவருக்கும் ஒரு பெயர் இருக்கும். அந்த வீட்டில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை என்பது ஒரு பதவி. அதற்கு ஓய்வு வயது கிடையாது.)

"சார், நீங்க கதை எழுதுறவரு. மாமாவும் அத்தையும் இன்னும் ஆறு மாசம் தங்கணும்னு விசா ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதணும். காரணம் மட்டும் கொஞ்சம் நல்லா இருக்கணும்."

"உண்மையான காரணம் என்ன?"

"அதான் சார் உங்களுக்கே தெரியுமே."

தெரியும். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க இன்னும் பல மாதங்கள் ஆகும். அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் அதை எழுதினால் அது வேலை. சுற்றுலா விசாவில் வேலை செய்யக்கூடாது. ஆகவே சுற்றிப் பார்க்க என்று எழுத வேண்டும். நான் எழுத வந்து இத்தனை வருஷத்தில், நேருக்கு நேர் என்னிடம் ஒரு புனைவு கேட்ட முதல் ஆள் அவர்தான். விமர்சகர்கள் கவனிக்கவும்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டை அப்படியே விட்டு வைக்கிறேன்.

விமான நிலையத்தில் அந்தத் தாய் கண்ணீரோடு —

வேண்டாம். நம் கதைகளில் விமான நிலையங்களில் அழும் தாய்மார்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள்.

அவள் சமையலறை ஜன்னல் வழியே வெளியே வெறித்து —

இதுவும் வேண்டாம். ஜன்னல் வழியே வெறிக்கும் பெண்ணை எழுதுகிறவனை அந்த ஜன்னல் வழியாகவே வெளியே தள்ள வேண்டும். அந்த அம்மாவுக்கு வெறிக்கவெல்லாம் நேரமில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர். மௌனமாகத் துயரப்படும் தாயாக அவரை எழுதிப் பார்த்தேன், இரண்டு பக்கம் தாங்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் என்னைப் பார்த்து, "தம்பி, சட்டையை இப்படி ஒரு சைஸ் பெருசா வாங்கிப் போட்டா ஆள் இன்னும் இளைச்சுத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். மூன்று தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், வேலைக்கு இரண்டு பெண்கள். அவர் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் யூனிஃபார்ம் முழுக்க அவர் கடையில்தான் தைப்பது. பள்ளி திறக்கும் மாதத்தில் வருகிற வருமானம்தான் கடையின் வருஷச் சாப்பாடு. இதை அவர் ஒளித்து வைக்கவில்லை. சோறு போடும்போது சொல்வார், பாத்திரம் கழுவும்போது சொல்வார்.

"ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள நான் அங்க இருக்கணும். நான் இல்லேன்னு தெரிஞ்சா ஆர்டரை வேற கடைக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க. ஒரு தடவை போனா போனதுதான்."

"பாத்துக்கலாம்மா" என்பாள் மகள்.

நம் குடும்பங்களில் 'முடியாது' என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. அது மரியாதைக் குறைவு. 'பாத்துக்கலாம்' என்போம். இதுவரை யாரும் எதையும் பார்த்ததாகத் தகவல் இல்லை.

3

கடிதத்தை எழுதினேன். இந்த நாட்டு மொழியில், ஒரு பக்கம். 'எங்கள் வாழ்வின் மாலையில் உங்கள் தேசத்தின் எழில் எங்களை ஆட்கொண்டது' என்கிற மாதிரி. ஒரு வரி கூட மனதில் பட்டு எழுதியதல்ல. அதனால் தங்குதடையில்லாமல் வந்தது.

பெரியவர், அதாவது அந்த அம்மாவின் கணவர், ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க். கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் சரி. 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்'னு எங்கயும் வரலையே."

"இங்க அப்படி எழுதுறதில்லைங்க."

"எந்த ஊரா இருந்தா என்ன? பணிவு இல்லாத மனு ஃபைலுக்குள்ளயே தூங்கும். போடுங்க."

போட்டேன். அவருக்கு இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. காலையில் பூங்காவில் நடை, அங்கே தன்னைப் போல வந்த நாலு பேரோடு அரசியல், மதியம் தூக்கம், மாலையில் பேத்தியை ஒரு பத்து நிமிஷம் கொஞ்சிவிட்டு, "இந்தா, நனைச்சுட்டா" என்று மனைவியிடம் நீட்டல். சுற்றுலாப் பயணி என்று யாரையாவது சொல்ல முடியும் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"அவளுக்கும் அதே" என்றார்.

அது அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல். ஓட்டலில் உட்கார்ந்தால் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு, "அவளுக்கும் அதே." டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தால், "எனக்கு முழங்கால் வலி, அவளுக்கும் அதே." நாற்பது வருஷத் தாம்பத்தியத்தை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்ட மனிதர். நான் இதே விஷயத்துக்கு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடும் இடத்தை அவர் விரலால் காட்டினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அந்த அம்மா, "எதுக்குங்க இது?" என்றார். "விசா விஷயம், போடு" என்றார் இவர். போட்டார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

4

[இங்கே மகளை ஒரு ராட்சசியாக எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. பிறகு ஒரு நாள் மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். வேலை முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். எழுப்பினேன். "இன்னும் ஒரு லீவு கேட்டா வேலையே போயிடும் அண்ணா, அம்மா போயிட்டா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். ராட்சசிகள் இப்படிப் பேசுவதில்லை. பகுதியை எடுத்துவிட்டேன். கதைக்கு நஷ்டம்தான்.]

5

கடிதம் போனது. பதிலுக்கு, இதுவரை பார்த்த இடங்களின் புகைப்படங்களோடு இருவரும் நேரில் வரவும் என்று அலுவலகம் கேட்டது. வீட்டில் பெரும் கலவரம். அந்த அம்மா இதுவரை பார்த்த இடங்கள்: சமையலறை, துணி துவைக்கும் நிலவறை, குழந்தை மருத்துவர்.

மாப்பிள்ளை மென்பொருள்காரர், எதையும் திட்டமிட்டுச் செய்கிறவர். அடுத்த ஞாயிறே என்னையும் சேர்த்து எல்லோரையும் காரில் ஏற்றினார். ஒரே நாளில் அருங்காட்சியகம், பாலம், பழைய கோட்டை. பல மாதங்களில் எடுத்த படம் போலத் தெரிய வேண்டுமாம். ஆகவே மூன்று புடவை, மூன்று சட்டை, இடையிடையே ஒரு குல்லாய். காரின் பின்னிருக்கையில் அந்த அம்மா மூன்று முறை புடவை மாற்றினார். எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார், நின்றோம்.* பெரியவர் குல்லாயை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, மழைக்காலத்துக்கு இன்னும் கொஞ்சம் சரிக்கலாமா என்று கேட்டார்.

படத்தில் குழந்தை வரக்கூடாது என்பது மாப்பிள்ளையின் கட்டளை. குழந்தை வந்தால் ஆயா வேலை என்று சந்தேகம் வருமாம். கிளிக் செய்யும் நேரத்துக்கு மட்டும் குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அப்படியும் என்ன? எல்லாப் படத்திலும் அந்த அம்மாவின் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது. இல்லாத குழந்தையை இடுக்கிக்கொண்டு கோட்டையைப் பார்க்கிறார்.

பாலத்தில் மட்டும் அவர் நின்றுவிட்டார். கீழே ஆறு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இது நம்ம வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம் மாப்பிள்ளை?"

"பக்கம்தான் அத்தை. நடந்தே வந்துடலாம்."

குழந்தையை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளாமல் அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அதை மறைக்கக் குழந்தைக்கு வேடிக்கை காட்டினேன்.

(* இந்த இடத்தில் ஒரு வாசகர் சிரிப்பார், ஒரு வாசகர் முகம் சுளிப்பார். இரண்டு பேருமே தங்கள் அம்மாவை எதற்காக வரவழைத்தோம் என்று யோசித்துவிட்டு மேலே படிக்கலாம்.)

6

அலுவலகம். கண்ணாடித் தடுப்பு, மேசை, இந்தப் பக்கம் மூன்று நாற்காலி. மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்ததால் நடு நாற்காலியில் நான். எழுதியவனே மொழிபெயர்ப்பாளன், இப்படி ஒரு வசதி எந்த எழுத்தாளனுக்கும் வாய்க்காது. பின்னால் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையும்.

அதிகாரி இளவயசுக்காரர். படங்களைப் புரட்டினார். பாலத்துப் படத்தில் கொஞ்சம் நின்றார், அடுத்ததற்குப் போனார். பெரியவரிடம், ஏன் இன்னும் தங்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"சுத்திப் பாக்கணும். இன்னும் எவ்வளவோ இருக்கு. பணிவுடன் கேட்டுக்குறேன்னு சொல்லுங்க."

சொன்னேன். அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்தார்.

"அவளுக்கும் அதே" என்றார் பெரியவர்.

அதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரி தலையாட்டிவிட்டு, "அதை அவரே சொல்லட்டும்" என்றார். நான் அந்த அம்மா பக்கம் திரும்பி, "நீங்க ஏன் தங்கணும்னு கேக்குறாங்கம்மா" என்றேன்.

அவர் என்னைத்தான் பார்த்தார். அதிகாரியை இல்லை.

"நான் தங்கணும்னு யார் சொன்னது? டிக்கெட் போட்ட தேதிக்கே எனக்கு ஊருக்குப் போகணும் தம்பி. ஸ்கூல் தொறக்கப் போகுது. கடையில ரெண்டு பொண்ணுங்க என்னை நம்பி உக்காந்திருக்காங்க. பேத்தி மேல எனக்கு உசுருதான், அதுக்காகக் கடையை விட முடியாது. இதை அப்படியே சொல்லுங்க. நீங்க எழுதினதைச் சொல்லாதீங்க, நான் சொன்னதைச் சொல்லுங்க."

பின்னாலிருந்து "அம்மா" என்று மகளின் குரல் கேட்டது. அதட்டல் இல்லை. மாடிப்படியில் கேட்ட அதே குரல். மாப்பிள்ளை, "சார், பாத்துச் சொல்லுங்க" என்றார். பெரியவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வேறு ஏதோ வேண்டும் என்பது அவர் காதில் விழுந்திருக்கிறது.

அதிகாரி என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்றார்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) நான் எழுதியதையே சொல்கிறேன். ஆறு மாதம் கிடைக்கிறது. எனக்கு ஞாயிறு சோறு, மகளுக்கு வேலை, பெரியவருக்குப் பூங்கா. ஊரில் ஒரு கடை இறங்கிய ஷட்டரோடு நிற்கிறது. எல்லோரும் சுகம், அந்த ஒருவரைத் தவிர. குடும்பக் கதைக்கு ஏற்ற முடிவு.

(ஆ) அவர் சொன்னதைச் சொல்கிறேன். அவர் விமானம் ஏறுகிறார். மகள் வேலையை —

(இ) அதிகாரிக்கே தமிழ் தெரியும் என்று வைத்துவிடலாம். இப்படி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பரிசும் கிடைக்கிறது.

மூன்றும் வேண்டாம். என்னை நம்பி இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே வரும்வரை எல்லாரையும் எள்ளி நகையாடியாயிற்று, அது எனக்குச் சுலபம். அதிகாரியிடம் இப்போது சொல்ல வேண்டிய இந்த ஒரு வாக்கியம் சுலபமில்லை. அது என்னுடையதும் இல்லை.

அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த அம்மா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நீங்களும் கேட்டீர்கள். நான் எழுந்துவிட்டேன், நடு நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். அந்த அம்மா இப்போது உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.