யாருக்காக இந்தச் சோடா உப்பு

சமையலறையில் சோடா உப்புக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. கொண்டைக்கடலை ஊறப்போடும்போது ஒரு சிட்டிகை, போண்டா மாவில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். ஒரு பாக்கெட் வாங்கினால் அது டப்பாவுக்குள் கட்டிதட்டிப்போய், பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போதுதான் மறுபடி கண்ணில் படும். அப்பேர்ப்பட்ட சோடா உப்பு விஜயராணி வீட்டில் வாங்க வாங்கத் தீர்ந்துகொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு வீட்டுக்கார அம்மா வேலாத்தாள் மேல்தான் சந்தேகம். காம்பவுண்டில் சோடா உப்புக்குக் கொள்கை பரப்புச் செயலாளரே அந்தம்மாதான். சிங்க் அடைத்துக்கொண்டால் சோடா உப்பைக் கொட்டி மேலே வினிகர் ஊற்று, ஃபிரிட்ஜில் வாடை அடித்தால் ஒரு கிண்ணத்தில் போட்டு உள்ளே வை, கொலுசு கறுத்தால் அதைத் தொட்டுத் தேய் என்று போனில் பார்த்ததையெல்லாம் குடியிருப்பவர்களுக்குப் பாடம் நடத்துவார். கதவு திறந்திருந்தால் உரிமையோடு உள்ளே வந்து டப்பாவைத் திறக்கவும் செய்வார். அதனால் விஜயராணி பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அப்படியும் குறைந்தது.

அவள் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள். வெள்ளைத் துணியில் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அம்புக்குறி போட்ட ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டித் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் நடக்கும் களவைக் கண்டுபிடிக்க இத்தனை நாளானதே பெரிய விஷயம்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது பார்த்தாள். அவள் புருஷன் மாரிச்செல்வம் உள்ளங்கையில் சோடா உப்பைக் கொட்டி, பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அதோடு விட்டானா? மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து இரண்டு அக்குளிலும் பூசிக்கொண்டான். ஷூவுக்குள் ஒரு கை தூவினான். முந்தின நாள் போட்டிருந்த சட்டை சோடா உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையாக நின்றபோதுகூட அவன் இவ்வளவு ஜோடித்துக்கொள்ளவில்லை.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது. மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மாரிச்செல்வத்துக்குச் சாயப்பட்டறையில் வேலை. சாயப்பட்டறை ஆளுக்கு எதற்கு வாசனைக் கவலை? அங்கே எல்லோர் மேலும் ஆசிட் வாடையும் ஈரத்துணி வாடையும்தான். நாற்பதைத் தாண்டிய ஒருத்தன் திடீரென்று பல்லை வெள்ளையாக்குகிறான், அக்குளைக் கழுவுகிறான் என்றால், அது கட்டின பெண்டாட்டிக்காக இருக்காது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம் என்று விஜயராணி நினைத்தாள்.



அதற்குத் தோதாக வேலாத்தாளும் எண்ணெய் ஊற்றினார். "ஏங் கண்ணு, உங்கூட்டுக்காரரு இப்பெல்லாம் பளபளன்னு போறாரு? ஞாயித்துக்கெழமைகூட டிரஸ் பண்ணிக்கிட்டுக் கெளம்பறாரு?"

"ஓவர்டைம்னாருக்கா."

"ஓவர்டைமா? சேரி சேரி. எதுக்கும் ஒரு கண்ணு வெச்சுக்க சாமி. நாஞ் சொன்னேன்னு சொல்லீராத." அந்தம்மா சிரிக்காமல் சொன்னதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஒரு கண் என்ன, இரண்டு கண்ணையும் வைத்தாள். போன் வந்தால் அவன் வெளியே போய்ப் பேசினான். ஒரு தடவை அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்க, இவள் எடுத்துக் காதில் வைத்தாள். "அண்ணா, அந்த லாட் ஓகேண்ணா. நீங்க தைரியமா சொல்லிருங்க" என்றது ஓர் இளங்குரல். இவள் "யாரு?" என்றதும் கட்டாகிவிட்டது. திரையில் பிரியங்கா என்றிருந்தது.

"யாருங்க பிரியங்கா?"

"பட்டறை லேப்ல இருக்க பிள்ள" என்று அவன் துடைப்பதை நிறுத்தாமல் சொன்னான். அண்ணா என்று கூப்பிடுகிறாளாம். கூப்பிட்டால் ஆயிற்றா என்று விஜயராணி பல்லைக் கடித்தாள்.

அன்றிலிருந்து அவன் கழற்றிப் போடும் சட்டையை எடுத்து மோந்து பார்க்க ஆரம்பித்தாள். காலர், கைமடிப்பு, பாக்கெட் என்று செக்கிங் டேபிளில் பார்ப்பதுபோலவே வரிசையாக. செண்ட் வாசம் இல்லை. மல்லிகை வாசம் இல்லை. பவுடர் இல்லை. கடைசியில் புருஷனின் வாசமும் இல்லை. துவைத்துக் காயப்போட்ட சாக்கு மாதிரி ஒன்றுமே இல்லாமல் இருந்தது சட்டை. செண்ட் அடித்திருந்தாலாவது சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். ஒரு தடயமும் வைக்காமல் கழுவிக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது? அவள் மோந்து பார்க்கப் பார்க்க அவன் இன்னும் சோடா உப்புப் போட்டான். அவன் போடப் போட இவள் இன்னும் மோந்தாள்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஆள் மாறிவிட்டான். முன்பெல்லாம் ரசத்தில் பெருங்காயம் குறைந்தாலே முகத்தைச் சுளிப்பவன், இப்போது எதைப் போட்டாலும் நல்லாருக்கு என்றான். குற்றமுள்ளவன்தான் இப்படிப் பெண்டாட்டியைப் புகழ்வான். ஒவ்வொரு நல்லாருக்கும் அவளுக்கு ஒரு குத்தாக விழுந்தது. இனி ஒரு தரம் ஆதாரம் சிக்கட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவது என்று முடிவே செய்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் ஓவர்டைம் முடிந்து மத்தியானமே வந்துவிட்டான். விஜயராணி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை அடுப்பில் வைத்து, சிம்மில் போட்டு மூடிவிட்டு, மாடியில் துணி காயப்போடப் போனாள். பாதிக் கொடிதான் நிரம்பியிருக்கும், கீழேயிருந்து வேலாத்தாள் கத்தினார்.

"ஏங் கண்ணு விஜயராணி! உங்கூட்டுல என்னமோ கருகுது பாரு! தெருவே நாறுது!"

படி இறங்கும்போதே கருவாடு தீயும் வாடை மூக்கைப் பொத்த வைத்தது. ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அடுப்பிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மாரிச்செல்வம் உட்கார்ந்து, ஷூவுக்குள் சோடா உப்பைத் தூவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "என்ன, இப்படி ஓடி வார?" என்றான்.

அவளுக்குக் கொதித்தது. தெருக்கோடிக்குத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியவில்லை. அந்த அளவுக்கு மனசு எங்கேயோ இருக்கிறது. அடிப்பிடித்ததைக் கிண்டாமல், மேலோட்டமாக ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். கருகல் வாடை அவளுக்கே குமட்டிற்று. அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவசரமாகச் சிரித்தான்.

"நல்லாருக்கு ராணி. கருவாடு நல்ல வாசமா இருக்கு."

"என்ன வாசம்?"

அவன் கை நின்றது.

"சொல்லுங்க. என்ன வாசம் அடிக்குது?"

"அதான்... கருவாட்டு வாசம்."

"கருகிக் கரியாப் போச்சுங்க! காம்பவுண்டே கூடி நிக்குது, உங்களுக்குக் கருவாடு மணக்குதா?" அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "யாரு அந்தப் பிரியங்கா? யாருக்காகப் பல்லத் தேய்க்கிறீக? யாருக்காக இந்தச் சோடா உப்பு? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

மாரிச்செல்வம் தட்டைத் தள்ளி வைத்தான்.

"எனக்கு மூக்கு போச்சு ராணி" என்றான். "தீவாளி சமயத்துல காய்ச்சல்ல கெடந்தேன்ல, அதுக்கப்புறம் ஒரு வாசமும் தெரியல."

அவள் நம்பவில்லை. மாட்டிக்கொண்டால் ஆண்பிள்ளைகள் எதையாவது சொல்வார்கள். ஆனால் அவன் சொல்லச் சொல்லக் கணக்கு வேறு மாதிரி வந்தது. பட்டறையில் துணி அலசி முடிந்ததும் அவன்தான் ஈரத்துணியின் நுனியைப் பிழிந்து மோந்து பார்த்து, ஆசிட் போயிருக்கிறதா, இன்னொரு தண்ணி விடணுமா என்று சொல்ல வேண்டும். லேபில் ஆயிரம் பார்த்தாலும் பட்டறை மாஸ்டருக்கு அவன் மூக்குதான் முடிவு. அந்த மூக்கு போய்விட்டதென்று தெரிந்தால் மூட்டை தூக்க அனுப்பிவிடுவார்கள். பிரியங்கா பாவம் பார்த்து, ஒவ்வொரு லாட்டுக்கும் லேபில் வந்ததைப் போனில் சொல்கிறாள். இவன் துணியை மூக்கருகே வைத்து மோந்து பார்க்கிற மாதிரி பாவனை செய்து, அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான்.

"ஞாயித்துக்கெழமை ஓவர்டைம்?"

"டாக்டர்ட்ட. வந்தாலும் வரும், வராட்டா இல்லன்னுட்டாரு."

"சரி, அதுக்கு எதுக்கு இத்தன சோடா உப்பு?"

"என் மேல என்ன வாட அடிக்குதுன்னு எனக்கே தெரியலயே. ஒரு நா பஸ்ஸுல பக்கத்துல இருந்த ஆளு எந்திரிச்சுப் போயிட்டாரு. எதுக்குப் போனாருன்னு யார்கிட்ட கேக்க? வேலாத்தாக்கா இதப் போட்டா எந்த நாத்தமும் போகும்னாங்க. சரி, போட்டுப் பாப்பமேன்னுதான்..."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அவன் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். "நீதான் தினமும் என் சட்டைய மோந்து பாத்தியே ராணி. கதவு இடுக்குல பாத்தேன். ரொம்ப நாறுது போல, வாய் விட்டுச் சொல்லச் சங்கடப்படுறேன்னு நெனச்சேன். அதான் இன்னும் கூடப் போட்டேன்."

விஜயராணி இன்னொருத்தியைத் தேடித்தான் அத்தனை சட்டையிலும் முகத்தைப் புதைத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து அந்த மனுஷன் தன் தோலைத் தேய்த்திருக்கிறான். பக்கத்தில் போய் அவன் கையைத் தூக்கினாள். அக்குள் சோடா உப்பு பட்டுப் பட்டுச் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. தன்னை நினைத்து அவளுக்குத் தாங்க முடியாத வெட்கம் வந்தது. தேங்காயெண்ணெயை எடுத்து வந்து விரலால் மெல்லத் தடவினாள். எரிந்திருக்கும், அவன் அசையவில்லை.

"உண்மையச் சொல்லு. நாறுதா?"

"இல்லீங்க. ஒன்னுமே இல்ல."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். ஓரத்தில் எங்கேயாவது கறை தெரிகிறதா என்று பார்க்கும் பார்வை அது. அவன் நம்பவில்லை. எதை எதையோ நினைத்து அவள் அவனைப் பார்த்த அதே பார்வையை இப்போது அவன் அவள் மேல் வைத்திருந்தான். இனி அவள் ஆயிரம் தடவை இல்லை என்று சொன்னாலும், சங்கடத்துக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பான்.

அவள் குனிந்து, அவன் கழுத்தடியில் மூக்கை வைத்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"நாறுது" என்றாள். "வேர்வை நாத்தம். கருவாட்டுப் புகை வேற."

மாரிச்செல்வத்தின் தோள் தளர்ந்தது. "ரொம்பவா?"

"கொஞ்சம்தான். ஆம்பளைக்கு இருக்கிறதுதான்."

அவன் நம்பினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு பயமில்லாமல் ஒரு மூச்சு விட்டு, அவள் மேல் சாய்ந்துகொண்டான்.