திருக்கைப் பட்டி

நண்டுக்குச் சொன்னதைத் திருக்கைக்கும் செய்துவிட்டார்கள். அதுதான் ஃபர்ஹானாவின் பிரச்சினை. சொன்னவளும் அவள்தான் என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, நாட்டுப்படகுகள் மட்டும் கட்டும் ஒரு சின்னத் துறை அவர்களுடையது. விலங்கியல் படித்து முடித்த கையோடு அவளுக்குக் கடல்வளம் காக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் களப் பணியாளர் வேலை கிடைத்தது. நிறுவனம் துறையில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிக் கொடுத்தது. வலையில் வரும் சினை நண்டை உடனே விற்காமல் அந்தத் தொட்டியில் போட வேண்டும். அதன் வயிற்றடியில் அப்பியிருக்கும் முட்டைகள் சில நாளில் பொரிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத குஞ்சுகள் லட்சக்கணக்கில் தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரைக் கடலில் ஊற்றிவிட்டு நண்டை எடுத்துக்கொள்ளலாம்.

இதை விளக்க அவளை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் வருகை சொல்லும்போதே குரல் உள்ளே போய்விடும் பெண் அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் இருந்த படத்தைப் பார்த்தபடி நாலு வாக்கியம் பேசினாள். கடைசி வாக்கியம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. “குஞ்சைக் கடலுக்கு விட்டுருங்க, தாயை நீங்க வித்துக்கங்க.” நஷ்டமில்லாத நன்மை. யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவன் அவளுடைய அண்ணன் ஹாமித். ஷார்ஜாவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, போன மாதிரியே திரும்பி வந்தவன். அத்தாவின் படகில் திருக்கை வலை போட்டுக்கொண்டிருந்தான். திருக்கை முட்டையிடாது, குட்டி போடும். வலையோடு தூக்கிப் படகில் போட்டதும் பயத்திலேயே வயிற்றில் இருப்பதைத் தள்ளிவிடும். அந்தக் குட்டிகள் முன்பெல்லாம் கருவாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹாமித் யோசித்தான். கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் கம்பு நட்டு, பழைய வலையைச் சுற்றிக் கட்டி, ஆட்டுக்குப் போடுவது மாதிரி ஒரு பட்டி போட்டான். வயிறு பெருத்த திருக்கை உயிரோடு கிடைத்தால் வால் முள்ளை ஒடித்துவிட்டு அதில் விட்டான். அது குட்டி போட்டதும் குட்டிகளைக் கடலில் விட்டான். தாயை ஏலத்துக்குக் கொண்டுபோனான். மற்ற படகுகளும் கொண்டுவந்து விட ஆரம்பித்தன.

படகு உரிமையாளர் சங்கத் தலைவர் உமர் பாரூக் அவனை ஜமாத் ஆட்கள் முன்னால் தட்டிக்கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு வந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை இப்போது. “பட்டி ஹாமித்” என்று பேராகிவிட்டது. நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அரவிந்த்குமார் புதுக்கோட்டையிலிருந்து போனிலேயே சந்தோஷத்தில் குதித்தார். மக்களே யோசித்து மக்களே செய்தது, இதைத்தான் நிதி கொடுப்பவர்கள் தேடுகிறார்கள் என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர்களை அழைத்து வருவதாகவும் சொன்னார். பலகைகூட எழுதிவிட்டார்கள். ‘குட்டிகளைக் காப்போம்.’

ஃபர்ஹானா முதலில் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். ஹாமித் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நண்டு வேறு, திருக்கை வேறு என்று ஆரம்பித்தாள். நண்டு ஒரு வருஷத்துக்குள் வளர்ந்து, முட்டை போட்டு, சீக்கிரமே செத்தும் போகும். லட்சம் குஞ்சில் ஒன்றிரண்டு பிழைத்தாலே அதன் வம்சம் நிற்கும். திருக்கை அப்படி அவசரப்படுவதில்லை. பருவத்துக்கு வரவே வருஷங்கள் ஆகும். ஒரு ஈத்துக்கு நாலைந்து குட்டிதான். வயிற்றுக்குள்ளேயே பால் மாதிரி ஒன்றைச் சுரந்து ஊட்டி, நன்றாக வளர்ந்த பிறகுதான் வெளியே விடும். நிறைய நாள் உயிரோடு இருந்து திரும்பத் திரும்ப ஈன்றால்தான் அதற்குக் கணக்கு சரியாகும். பெரிய தாய்களைத் தொடர்ந்து எடுத்துவிட்டால், எத்தனை குட்டியை விட்டாலும் ஈடாகாது. பயத்தில் விழுவதும் பிறப்பு இல்லை, குறைப்பிரசவம்.

இவ்வளவையும் அவள் ஒழுங்காகத்தான் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். வாயிலிருந்து வந்தது பாதிதான்.

“அப்ப திருக்கைக்குன்னு தனியா ஒரு மைக்கு வாங்கணும்” என்றான் ஹாமித். “நண்டுக்குத் தாயை வில்லுன்ன. இப்பத் தாயை விடுங்கிற. நாளைக்கு எறாலுக்கு என்னத்தம்மா சொல்லப்போற?”

அம்மா சிரித்துவிட்டாள். ஃபர்ஹானா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

அரவிந்த்குமாரிடம் போனில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நீங்க சொல்றது அறிவியல்பூர்வமா சரியாத்தான் இருக்கும்மா, ஆனால் மக்கள் ஆர்வத்தோடு செய்வதை நடுவில் போய் உடைக்கக்கூடாது, நிகழ்ச்சி முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்றார். பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்று அவர் சொன்ன விஷயங்கள் அவளிடம் ஏற்கனவே நிறைய இருந்தன.

வியாழக்கிழமை ஹாமித் படகில் ஒரு புள்ளித் திருக்கை வந்தது. விரித்த குடையைவிட அகலம். இரண்டு பேர் தூக்கி வந்து பட்டியில் விட்டார்கள். முதுகு நடுவில் மேடு தட்டியிருந்தது. வழக்கம்போலப் படகிலேயே குட்டியைத் தள்ளிவிடாமல் எப்படியோ தாக்குப்பிடித்து வந்திருந்தது. நாளைக்கு விருந்தாளிகள் வரும் நேரம் பார்த்துப் போடும் பாருங்கள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஏலம் விடும் அடைக்கலம் கரையில் நின்றபடியே அதன் எடையைக் கண்ணால் போட்டுப் பார்த்தார்.

ஃபர்ஹானாவுக்கு அந்த ஒரு திருக்கை போதும் என்று தோன்றிவிட்டது. எல்லாவற்றையும் மாற்ற முடியாது. இது ஒன்று மட்டும் வயிற்றோடு திரும்பிப் போய்விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் தாமதமாக வந்தார்கள். வழியில் திருமயம் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததாக அரவிந்த்குமார் சொன்னார். உமர் பாரூக் துண்டு போர்த்தினார். பிரியாணி தயாராக இருந்தது, குட்டி விட்ட பிறகு சாப்பிடலாம் என்று முடிவாயிற்று. எல்லோரும் பட்டியைச் சுற்றி நின்றார்கள். கேமராவும் நின்றது. திருக்கை மணலில் அப்பிக் கிடந்தது. குட்டி போடவில்லை.

கொஞ்ச நேரம் போனது. விருந்தாளிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அரவிந்த்குமார் ஹாமித்தின் காதருகே குனிந்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

“வயித்த அமுக்குனா வந்துரும் சார்” என்றான் ஹாமித். “சில சமயம் அப்படித்தான் செய்யிறது.”

அதுவரை ஃபர்ஹானாவுக்கு அது தெரியாது.

உமர் பாரூக்குக்கு ஒரு யோசனை வந்தது. “ஒந் தங்கச்சி படிச்ச புள்ள. இந்த வேலைய ஆரம்பிச்சு வச்சதே அதுதான். அது கையால செய்யட்டும். இறங்கும்மா.”

ஹாமித்தும் இன்னொருவனும் திருக்கையை ஓரத்துக்கு இழுத்துப் புரட்டிப் பிடித்தார்கள். வெள்ளை வயிறு மேலே வந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. அவள் தண்ணீரில் மண்டியிட்டாள். உடை நனைந்து காலோடு ஒட்டியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேமராவும்தான். அவள் கையை வயிற்றில் வைத்தாள். தோலுக்கு அடியில் ஏதோ மெல்ல மடங்கி விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“அமுக்கு” என்றான் ஹாமித் அடிக்குரலில்.

“அமுக்குனா வரும்ணே. வந்தாப் பொழைக்காது.”

“எல்லாம் நீந்தித்தான் போச்சு. நான் பாத்தேன்.”

“கொஞ்ச தூரம் போகும். அப்புறம் அடியில போயிச் செத்துரும். நம்ம கண்ணுக்குத் தெரியாது.”

அவள் அவனிடம்தான் சொன்னாள். ஆனால் சுற்றி யாரும் பேசாததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. உமர் பாரூக் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

“அப்ப இதுவரைக்கும் நாம விட்டதெல்லாம்?”

ஹாமித் அவளைப் பார்த்தான். முகத்தில் கோபமில்லை. பட்டி ஹாமித் என்ற பேர் அவள் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. பதில் அவளுக்குத் தெரியும். படித்ததெல்லாம் அந்தப் பதில்தான்.

“சிலது பொழச்சிருக்கும்” என்றாள்.

ஹாமித் திருக்கையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் புரிந்துகொண்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

இது எப்போதுதான் குட்டி போடும் என்று உமர் பாரூக் கேட்டார். இன்னும் வாரக்கணக்கில் ஆகலாம் என்றாள். அதுவரைக்கும் இதைப் பட்டியில் வைத்துத் தீனி போட முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது, பட்டியிலேயே செத்துப்போகும் என்றாள். பிறகு, “இப்படியே விட்டுருங்க” என்றாள். “தாய் இருந்தா இன்னும் எத்தனையோ தடவ போடும். தாயைத்தான் விடணும். குட்டிய இல்ல.”

அவள் வாழ்க்கையில் அதிகம் பேர் முன்னால் பேசிய இரண்டாவது பேச்சு அது. அடைக்கலம் கனைத்தார்.

அரவிந்த்குமார் சட்டென்று பிடித்துக்கொண்டார். ரொம்ப நல்ல யோசனை, பெரிய மீனை விடுவது படத்துக்கும் நன்றாக இருக்கும், விருந்தாளிகளே கைபட விடட்டும் என்றார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவர்கள் இறங்கினார்கள். வலையை அவிழ்த்தார்கள். திருக்கை கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஓரங்கள் அசைந்தன. மணல் புகை மாதிரி எழுந்தது. மணல் அடங்கியபோது அங்கே ஒன்றுமில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். உமர் பாரூக் மைக்கில் நன்றி சொன்னார். தங்கச்சியின் கை ராசியான கை என்றார். தாயை ஏன் விட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரியாணி ஆறிப்போவதற்குள் சாப்பிட வேண்டியிருந்தது.

“ஏலத்துக்கு வரவேண்டியதைக் கடலுக்குச் சீர் அனுப்பிட்டியேம்மா” என்றார் அடைக்கலம், கை கழுவும் இடத்தில். அவர் கேலியாகத்தான் சொன்னார்.

ராத்திரிக்குள் படம் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. நடுவில் திருக்கை, ஓரத்தில் அவளுடைய நனைந்த முழங்கை. கீழே, ‘குட்டிகளைக் கடலுக்கு அனுப்பும் மீனவர்கள். குட்டிகளைக் காப்போம்.’ அவள் இரண்டு தடவை படித்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஹாமித் அவளோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய படகு வந்தபோது அவள் துறையில் இருந்தாள். படகில் ஒரு திருக்கை கிடந்தது. தூக்கும்போதே குட்டியைத் தள்ளிவிட்டதாம். மூன்று குட்டிகள் தண்ணீர் வாளியில் கிடந்தன. அவன் ஒன்றை உள்ளங்கையில் எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். வெளிறிப்போய், ஓரங்கள் சுருண்டு, துணி மாதிரித் தொங்கியது.

“பொழைக்குமா?”

“பொழைக்காதுண்ணே.”

அவன் அதை வாளியில் போட்டான். வாளியைக் கடலில் கவிழ்க்கவில்லை. கருவாடு போடும் பெண்களிடம் கொடுத்தனுப்பினான். தாய் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதை விடச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அடைக்கலம் கூப்பிட்டார். ஹாமித் கொக்கியைப் போட்டு இழுத்துக்கொண்டு போனான். ஏலம் முடிந்ததும் பட்டிக்குப் போய்க் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏன் என்று கேட்டார்கள். கம்பு இத்துப்போச்சு என்றான்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு படித்து, இவ்வளவு பேசி, அவள் செய்து முடித்தது ஒன்றே ஒன்றுதான். கொஞ்ச நாளாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த குட்டிகள் மறுபடியும் கருவாட்டுக்குப் போயின. தாய் முன்பும் ஏலத்துக்குப் போனது, இப்போதும் போகிறது.

ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே ஹாமித் கேட்டான்.

“படகுல ஏத்தாம, தண்ணிக்குள்ளயே வச்சு விட்டா? வயித்துல நிக்குமா?”

“நிக்கும்” என்றாள். பிறகு, பொய் சொல்லக்கூடாது என்று, “பெரும்பாலும் நிக்கும்” என்றாள்.

“அது வலையில சுத்திக்கிட்டு வரும். வலைய அறுத்துத்தான் விடணும்.”

“ஆமா.”

“அறுத்த வலைக்கு வேற வலை யாரு தருவா? ஓங்க சாரா?”

எந்தப் பாடத்திலும் அது இல்லை. அவன் கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

அவள் போனை எடுத்தாள். அரவிந்த்குமாருக்கு எழுதினாள். நீளமாக எழுதி அழித்தாள். மறுபடி எழுதினாள்: ‘படத்துக்குக் கீழே எழுதியிருப்பது தப்பு சார். விட வேண்டியது தாயை. பலகை வேண்டாம். வலையை அறுத்துத் தாயை விடுகிறவர்களுக்கு வலை வேண்டும்.’

அனுப்பினாள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. வெகுநேரம் கழித்துக் கைகூப்பும் படம் ஒன்று வந்தது.

அவள் அதே செய்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடி அனுப்பினாள்.