கடைசி பெஞ்சுக்காரர் பாடிய பாட்டு

மூன்றாவது முறையும் அதே செய்திதான் திரையில் வந்தது. இந்த மென்பொருள் உங்கள் கணினிக்குப் பொருந்தாது. ஏனோக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பொருந்தாது என்றேதான் இருந்தது.

"இன்னா சொல்லுது?" அடுப்படியிலிருந்து மனைவி வின்னி கேட்டாள்.

"வயசாயிடுச்சாம்."

"யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்கும்மா."

மகள் ஸ்வீட்டி காலேஜில் சேர்ந்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவள் கல்யாணமாகி பெங்களூருக்குப் போன பிறகு, நந்திதுர்க் தங்கச்சுரங்கக் காலனி வீட்டு மூலையில் பிளாஸ்டிக் உறை போர்த்திக் கிடந்தது. போன மாதம்தான் ஏனோக் அதைத் தூசி தட்டினார். காரணம் வின்னி.

கோயிலில் முப்பத்தோரு வருடம் ஆர்கன் வாசித்தவள் அவள். காலால் மிதித்துக் காற்றேற்ற வேண்டிய பழைய ஆர்கன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மிதிக்க முடியவில்லை. இப்போது யாரோ ஒருவர் போனில் ராகத்தைப் போட்டு மைக்கில் வைக்கிறார். அதோடு சேர்ந்து எல்லோரும் பாடுகிறார்கள். வின்னி மட்டும் பாடுவதில்லை. இரண்டாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கடைசி பெஞ்சிலிருந்து ஏனோக்குக்கு அவளுடைய பின்னந்தலை மட்டுமே தெரியும். வாசிக்கும்போது தாளத்துக்கு ஆடிக்கொண்டே இருந்த தலை. ஏழு மாதமாக அது அசையவில்லை.

அந்தத் தலை மறுபடி ஆட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் தயாரானால் கொண்டு வாருங்கள் என்று கோயில் போதகர் ஐயரும் சொல்லியிருந்தார். இன்று சனி.

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு பழைய கீபோர்டு வாங்கியாகிவிட்டது. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. வயரில் கம்ப்யூட்டரோடு சேர்த்தால், உள்ளே இருக்கும் மென்பொருள் ஆர்கன் சத்தத்தை உண்டாக்கித் தரும். மிதிக்க வேண்டாம்.

அந்த இணையப் பக்கத்தின் அடிவரைக்கும் போய்த் தேடினார். சின்ன எழுத்தில் 'பழைய பதிப்புகள்' என்று இருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முந்தையதை இறக்கினார். மறுப்புச் சொல்லாமல் ஏறிக்கொண்டது. பட்டியலில் ஆர்கனைத் தேர்ந்தெடுத்து கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். ஒன்றும் இல்லை. கையை எடுக்கப் போகும் நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து சத்தம் கனமாக வந்தது. வின்னி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"நம்ம ஆர்கன் மாரியே கீதுங்க!"

"ஆனா லேட்டா வருது."

காரணம் அவர்தான். மென்பொருள் சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும். எவ்வளவு சேர்க்கலாம் என்று கேட்டதற்கு, இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கொடுத்திருந்தார். இருபத்தெட்டு வருடம் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்தவர். ரயில் வர அரை மணி முன்னாலேயே ஸ்டேஷனில் நிற்பவர். கையிருப்பு நிறைய இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

எண்ணைக் குறைத்தார். எண்ணெயில் கடுகு போட்டதுபோல ஆர்கன் பொரிந்தது. கூட்டினார். பொரியல் நின்றது, தாமதம் வந்தது. மூன்று மணிக்குள் எல்லா எண்ணையும் பார்த்தாயிற்று. பொரியாமல் இருக்க வேண்டுமானால் கால் நொடி தாமதம் இருந்தே தீரும். பழைய கம்ப்யூட்டரால் முடிந்தது அவ்வளவுதான்.

வின்னி உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். இரண்டாவது வரியில் விரல் தடுமாறி நின்றது.

"என் வெரலு ஒரு எடத்துல கீது, சத்தம் வேற எடத்துல கீது. வேணாம், வுடுங்க." கீபோர்டின் மேல் துண்டை எடுத்துப் போட்டாள்.

ஏனோக் வயரைச் சுருட்டப் போனார். அவள் பாதியில் விட்ட பாட்டு அவர் வாயில் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டாவது வரியிலயே கீறீங்களா?" என்றாள் வின்னி.

"நா எப்பவும் இப்டித்தான்."

"தெரியுமே. நா அடுத்த வரிக்குப் போயி குந்திக்கினு இருப்பேன். நீங்களும் அந்தக் கடைசி பெஞ்சும் அப்பால ஆடி அசைஞ்சி வருவீங்க. ஒங்களக் கேட்டுக்கினு வாசிச்சா பாட்டே நின்னுடும்னு, காதுல வாங்காமதான..."

நடுவில் நிறுத்தினாள். துண்டைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஸ்பீக்கர எடுத்துக்கினு வாசலாண்ட போங்க."

"இன்னாத்துக்கு?"

"போங்கன்றேன். அந்தாண்ட திருப்புங்க. இன்னும் தள்ளி."

"வயரு இவ்ளோதான் வின்னி."

"சரி, இப்ப பாடுங்க. எப்பவும் பாடறாமாரியே பாடுங்க. நல்லா பாடறேன்னு கெடுத்துடாதீங்க."

வாசலில் ஸ்பீக்கரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏனோக் பாடினார். வின்னி வாய்க்குள் எண்ணிக்கொண்டு, யாரையும் எதையும் காதில் வாங்காமல் வாசித்தாள். விரலுக்குப் பின்னால் ஆர்கன் வந்தது. அதற்கும் பின்னால் ஏனோக் வந்தார். இரண்டாவது வரி தாண்டியது. மூன்றாவதும். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"இன்னாண்ணே, இன்னிக்கே ஞாயித்துக்கெழமையா?"

ஏனோக் பாடிக்கொண்டே இருந்தார். வாசலிலிருந்து பார்க்கையில் வின்னியின் பின்னந்தலை தெரிந்தது. நரைத்த கொண்டை தாளத்துக்கு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததில் அவர் இன்னும் ஒரு சொல் பின்தங்கிப் போனார்.

அவள் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"பாட்டு முடிஞ்சதும் ஐயருக்குப் போன் போடுங்க," என்றாள். "நாளைக்கு ஸ்பீக்கருக்கு நீளமான வயரு ஒண்ணு வேணும்னு சொல்லுங்க. கடைசி பெஞ்சு வரைக்கும்."