குஞ்சு காக்கும் விரால்

மீனை ஏய்க்கிற பொய் இரையான லூர் ஆளுக்கு இரண்டுதான் என்பது தூண்டில் போட்டியின் விதி. பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக வீசிப் பார்க்கிற கதையெல்லாம் நடக்காது. காலை ஆறு மணிக்கு ஏரி மதகடியில் இரண்டையும் காட்டி, பெயருக்கு நேராக எழுதவைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதனால் ஜோசப்ராஜ் முந்தின நாள் மத்தியானமே பட்டுக்கோட்டைக்குப் போய், காதர் மைதீனின் தூண்டில் கடையில் கல்யாணப் புடவை எடுக்க வந்தவன் மாதிரி எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விராலுக்கு ரப்பர் தவளைதான் லூர். முள் இரண்டும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அல்லி இலைமேல் இழுத்தாலும் மாட்டாது. விரால் கவ்வி அமுக்கினால்தான் ரப்பர் நசுங்கி முள் வெளியே வரும். சின்னத் தவளை போட்டால் அரைக்கிலோ மீனெல்லாம் வந்து கடித்து நேரத்தைத் தின்னும். இந்தப் போட்டியிலோ எத்தனை மீன் என்று கணக்கில்லை, நீளமான ஒரே மீனுக்குத்தான் பரிசு. விடியலில் மேகம் இருந்தால் கறுப்பு எடுபடும், வெயில் ஏறினால் பச்சை. கடைசியில் வாலில் தகடு சுற்றுகிற பெரிய கறுப்புத் தவளை ஒன்றும், கனமான பச்சை ஒன்றும் எடுத்தான். நூலையும் மாற்றினான். பெரிய விரால் பிடிபட்டதும் பாசிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும், மெல்லிய நூலை வைத்துக்கொண்டு அப்போது அழ முடியாது.

நூல் சுற்றும் ரீல் மட்டும் உசத்தியானது. தோஹாவிலிருந்து மச்சான் அடைக்கலசாமி அனுப்பியது. வந்து சேரு, இதுமாதிரி பத்து வாங்கலாம் என்று போனில் சொல்லியும் இருந்தார். ஜோசப்ராஜ் வேலை பார்த்த அரிசி ஆலையை மூடியபின், விசா எடுத்ததும் மெடிக்கலுக்கு நாள் குறித்ததும் அவர்தான். நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டாம் தேதி டிக்கெட். இரண்டு வருஷ ஒப்பந்தம். பாப்பாவுக்குப் பதினோரு மாதம், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள். அவன் திரும்பி வரும்போது யாரோ மாமா வந்திருக்கிறார் என்று அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். 

போட்டியை நடத்துவது ஒரு தூண்டில் கம்பெனி. ஜெயிக்கிறவனுக்கு டெல்டா பகுதியில் அவர்களுடைய சாமான்களை வீசிக் காட்டி விளம்பர வீடியோ எடுக்கும் வேலை, மாதச் சம்பளத்தோடு. ஜெயித்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று மனைவி லின்சி ஒத்துக்கொண்டிருந்தாள். தோற்றால் அதற்குமேல் ஒரு பேச்சும் பேசக்கூடாது என்பதும் அவள் சொன்னதுதான்.

மறுநாள் விதியின்படி போனை நெஞ்சில் கட்டி வீடியோவை ஓடவிட்டு இறங்கினான். முதல் மணி நேரத்தில் கறுப்புத் தவளையை ஒரு பெரிய மீன் அடித்தது, தண்ணீர் வெடித்தது, முள் ஏறவில்லை. அவசரப்பட்டு இழுத்துவிட்டான். அடித்த மீனுக்கு இரண்டு மூச்சு நேரம் கொடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் இவன்தான். அதற்குப்பின் நாற்பத்தாறு சென்டிமீட்டரில் ஒன்று. கும்பகோணத்து ஆள் ஒருவன் அறுபத்தொன்று பிடித்துவிட்டான் என்று கரையில் சேதி வந்தது. மணி பத்தே கால். பதினொன்றுக்கு முடிந்துவிடும். பச்சையை மாட்டி வீசினான், திரும்பக் கறுப்பை மாட்டினான். கை மரத்துப் போயிற்று. கரையில் ஒரு பக்கம் காட்டாமணக்குப் புதர், மறுபக்கம் ஆகாயத்தாமரை. நடுவில் நின்றுகொண்டு, இனி இங்கிருந்து நேரே விமான நிலையம்தான் என்று நினைத்தான்.

அப்போதுதான் புதருக்கு அந்தப்பக்கம் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தான். முறம் அகலத்துக்குச் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம், நூற்றுக்கணக்கில், மூச்செடுக்க மேலே பொங்கிப் பொங்கி இறங்கியது. அதற்கடியில் தொடை மொத்தத்தில் ஒரு நிழல்.

குஞ்சு காக்கிற விராலுக்குப் பசி கிடையாது. ஆனால் கூட்டத்தின்மேல் எது விழுந்தாலும் அடிக்கும், குச்சியை எறிந்தாலும் அடிக்கும். எந்த லூர், என்ன நிறம் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு இப்போது எல்லா லூரும் ஒன்றுதான். கம்பெனி விதியில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் தூண்டில்காரர்களின் வாட்ஸப் குழுவில் இருந்தது. குஞ்சு மேல் லூர் போடுகிறவனைக் கேட்காமலே நீக்குவோம் என்று எழுதி வைத்த அட்மின் வேறு யாருமில்லை, ஜோசப்ராஜ்தான். காவல் மீன் கால்மணி நேரம் இல்லாவிட்டால் ஜிலேபிக் கெண்டை வந்து ஒன்று விடாமல் துடைத்துவிடும் என்று காரணமும் எழுதியிருந்தான்.

போட்டால் இவன் மனுஷனில்லை. போடாவிட்டால் பாப்பாவுக்கு அப்பன் இல்லை. கோபமாக வந்தது. அந்த மீன்மேல் கோபப்பட்டான், இந்தப் பக்கமா வந்து குஞ்சு பொரிக்க வேண்டும் என்று. நல்லவராக இருக்கிற மச்சான்மேல் கோபப்பட்டான். பிறகு வீசினான்.

ஒரே அடி. தூண்டில் ராடு வில்லாய் வளைந்தது. பாசிக்குள் புகவிடாமல் பின்வாங்கி நடந்தே இழுத்தான். கரையேற்றி, நீர் நிரப்பிய பையில் போட்டுக்கொண்டு மதகுக்கு ஓடினான். அளவுப்பலகை அங்கேதான் இருந்தது. எழுபத்திரண்டு. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அங்கே வந்திருந்த காதர் மைதீன் மட்டும் போன் திரையில் ஓடிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "எந்த எடத்துல புடிச்ச மாப்ள?" என்று கேட்டார்.  

மீனைத் தூக்கிக்கொண்டு திரும்ப அதே இடத்துக்கு ஓடினான். விட்டதும் அது நேரே புதரடிக்குப் போயிற்று. தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. ஓரத்தில் ஜிலேபிக் கெண்டைகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. விரால் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றுச் சுற்றியது. அவனால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

பரிசு கொடுத்த பிறகு கம்பெனி மேலாளர் இளவழகன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வீடியோவை மூன்றாம் முறையாக ஓட்டிக்கொண்டிருந்தார். இவன் தலை குனிந்துகொண்டு, திட்டட்டும் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"மத்ததெல்லாம் எல்லாரும் எடுக்கற வீடியோதான் ஜோசப்," என்றார் அவர். "அந்தக் குஞ்சு பொங்குது பாருங்க, அதுல லூர் விழுது, அடுத்த செகண்டு அடிக்குது. இதுதாங்க ஓடும். வாரத்துக்கு ரெண்டு இந்த மாதிரி குடுங்க, போதும்."

அந்நேரம் லின்சி போனில் கூப்பிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றதும் அழுதாள். அண்ணனிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் டிக்கெட்டைப் பற்றி இனி நினைக்கவேண்டாம் என்றும் சொன்னாள். பின்னால் பாப்பா எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

இளவழகன் பேனாவோடு காத்திருந்தார். "சீசன் முடியறதுக்குள்ள எத்தனை எடம் தேறும்?"

"மூணு எடம் தெரியும் சார்."

"மூணுதானா?" அவர் எழுதாமல் பேனாவை மூடப் போனார். "ஒரு மாசத்துக்கே பத்தாதே ஜோசப். வேற ஆள் ஒருத்தரையும் சேத்துப் பாக்கவா?"

"வேணாம் சார்," என்றான் அவசரமாக. "இன்னொண்ணு இருக்கு. எங்க வீட்டுக் கொல்லை வாய்க்கால்ல."

தினமும் சாயங்காலம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அவன் காட்டுகிற குஞ்சுகள் அவை.