போவணும்

குருபரப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறி உட்கார்ந்ததும் மோகனப்ரியாவுக்குக் கண் சொருகிவிடும். ஓசூர் போய்ச் சேரும்வரை அவள் தூங்குவதும் இல்லை, விழித்திருப்பதும் இல்லை. சூளகிரிப் பாறைகள் பனிக்குள் நகர்ந்து போவது மூடிய இமைக்குள்ளேயே தெரியும். பக்கத்தில் யாரோ போனில் தெலுங்கு பேசுவது தண்ணீருக்கடியில் கேட்பது போல வந்து போகும். பல வருடமாக இப்படித்தான் போய் வருகிறாள். செல்போனுக்குள் வைக்கும் பாகங்களைச் செய்கிற தொழிற்சாலை அது. சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று பெருக்கிக் காட்டும் கண்ணாடி வழியே பார்க்கச் சேர்ந்தவள், இப்போது ஒரு லைனுக்கே லீடர்.

அந்தக் கோடையில் கம்பெனி குஜராத்தில் புதிதாக ஓர் ஆலை திறந்தது. அங்கே வேலைக்குச் சேரும் பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்க இங்கிருந்து சிலரை ஆறு மாதம் அனுப்பப் போவதாகப் பேச்சு. மோகனப்ரியாவின் பெயரை மேனேஜரே சொன்னார். ஆனால் அதற்கு இங்கிலீஷில் ஒரு இன்டர்வியூ உண்டு. அதற்காக, ஷிப்டு முடிந்த பிற்பகல்களில் கேன்டீனுக்கு மேலே இருந்த அறையில் வகுப்பு வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் சுப்ரியா, அத்திப்பள்ளிக்காரி. வீட்டில் கன்னடம், வெளியில் எல்லா மொழியும். வயதில் மோகனப்ரியாவைவிட நன்றாகவே சின்னவள். இவள் அவளை மேடம் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

முதல் சில வகுப்புகள் கொட்டாவியில் போயின. ஒருநாள் சுப்ரியா போர்டில் மூன்று சொற்களை எழுதினாள். டு கோ. டு ஈட். டு ஸ்லீப்.

இதற்கு இன்ஃபினிட்டிவ் என்று பெயர் என்றாள். இதுவும் வினைதான், ஆனால் இதற்கு ஆளும் கிடையாது, காலமும் கிடையாது. போனான், போகிறேன், போவாள் என்றால் யார், எப்போது என்பது அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டு கோ என்றால் வெறுமனே போவது. யாரும் இன்னும் கிளம்பவே இல்லை. போக, வர, தின்ன, தூங்க என்று தமிழில் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி. அதற்குப் பின்னால் ஒரு வாலைச் சேர்த்தால் அது ஃப்ரேஸ். டு கோ டு தி மார்க்கெட். டு ஸ்லீப் அண்டர் எ ட்ரீ. வால் எத்தனை நீளமானாலும் அது மட்டும் தனியாக ஒரு வாக்கியம் ஆகிவிடாது. யாராவது ஒருவர் வந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். மோகனப்ரியா பேனாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கீழே லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாமல், காலம் இல்லாமல், செய்யப்படாமலே கிடக்கும் செயல்கள் என்பதை நினைக்க அவளுக்கு உடம்பு லேசாவது போல இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் வழக்கமான அரைத்தூக்கம் வந்தது. ஆனால் அன்று ரோட்டோரமெல்லாம் அந்தச் சொற்கள் கிடந்தன. மேம்பாலத்தின் மேல் கடக்க. கொய்யா கூடைக்காரியின் பக்கத்தில் நிற்க, பேரம் பேச. மலைச்சரிவில் ஏற. வானம் முழுக்க மேகம், பெய்ய. யாருக்கும் சொந்தமில்லாமல், வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி எல்லாம் லேசாக அசைந்துகொண்டிருந்தன. கையை நீட்டி அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் போல. எதை என்று தெரியவில்லை. அதற்குள் குருபரப்பள்ளி வந்து, கண்டக்டர் போல வேலை பார்க்கும் பின்சீட்டுப் பெண் தோளைத் தட்டி எழுப்பினாள்.

அடுத்த வகுப்பில் வாக்கியம் அமைக்கச் சொன்னாள் சுப்ரியா. ஒருவர் விரும்ப, இன்னொருவர் செய்வது. மோகனப்ரியாவைப் போர்டுக்குக் கூப்பிட்டாள். குஜராத் பேச்சே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் அதையே எழுதினாள். மை ஹஸ்பண்ட் வான்ட்ஸ் மீ டு கோ. மை டாட்டர் வான்ட்ஸ் மீ டு கோ. மை மேனேஜர் வான்ட்ஸ் மீ டு கோ. மகள் அனிதா ஏழாவது படிக்கிறாள். அம்மா ஊருக்குப் போனால் வீட்டு போன் தன் கைக்கு வரும் என்பது அவள் கணக்கு.

மூன்றும் சரி என்று சுப்ரியா டிக் போட்டாள். பிறகு சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நீங்க?" என்று கேட்டாள்.

"நானும் போவணும் மேடம்."

"அதுதான் கேட்கிறேன். ஹாவ் டு கோவா, வான்ட் டு கோவா?"

மோகனப்ரியா விழித்தாள். இரண்டும் போவணும்தானே என்றாள். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. சுப்ரியா சிரிக்கவில்லை.

"எங்க கன்னடத்துல பாருங்க அக்கா. நானு ஹோகபேகுன்னா, போய்த்தான் ஆகணும். நனகெ ஹோகபேகுன்னா, எனக்கு ஆசையா இருக்கு. நீங்க ரெண்டுக்கும் போகணும்னே சொல்லிடுறீங்க."

மோகனப்ரியா பிறந்தது கன்னடமும் புழங்கும் கெலமங்கலம். சந்தையில் சின்ன வயதிலிருந்தே இந்த இரண்டையும் கேட்டிருக்கிறாள். நானு, நனகெ என்று அவளே பேசியும் இருக்கிறாள். ஒருநாளும் இதை யோசித்ததில்லை. போர்டின் முன்னால் சாக்பீஸ் தூள் படிந்த விரலோடு நின்றாள். அடுத்த வகுப்புக்குள் சொல்லுங்கள் என்று சுப்ரியா விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வாயில் வந்த ஒவ்வொரு ணும்-மும் அவளைத் தொந்தரவு செய்தது. எழுந்திருக்கணும், மாவு எடுத்து வைக்கணும், அனிதாவுக்குத் தலை பின்னணும், பஸ்ஸைப் பிடிக்கணும். சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஹாவ் டு பக்கமே விழுந்தன. கேன்டீனில் டீ குடிக்கணும் என்பது மட்டும் கொஞ்ச நேரம் நடுவில் நின்று, பிறகு வான்ட் டு பக்கம் வந்தது. அன்று டீயை வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தாள். குஜராத்தை மட்டும் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. புருஷன் மாதவன் சொன்னான், மேனேஜர் சொன்னார், எல்லோரும் சொன்னார்கள், அதனால் போவணும். அப்படியானால் அது ஹாவ் டு-தான் என்று நினைத்தாள். நினைத்ததும் மனசு கனத்தது.

மாதவன் கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலையில் பாய்லர் பார்ப்பவன். சீசன் என்பதால் சட்டையில், தலைமுடியில், வண்டிச் சீட்டில்கூட மாம்பழ வாசனை அடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அபூர்வமாக லீவு கிடைத்தது. அனிதா தோழி வீட்டுக்குப் போய்விட, இருவரும் வண்டியில் கிருஷ்ணகிரி அணைக்குப் போனார்கள். தண்ணீர் பாதிதான் இருந்தது. மறுகரை வெயிலில் கரைந்து, எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று புரியாமல் இருந்தது. வறுத்த மீன் வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் கேட்டாள். "ஏங்க, நான் குஜராத்துக்குப் போவணும்னு சொன்னீங்களே. அது உங்களுக்கு ஆசையா, இல்ல நான் போய்த்தான் தீரணும்னா?"

மாதவன் மீனைக் கையில் வைத்தபடி அவளைப் பார்த்தான். இங்கிலீஷ் கிளாஸில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டான். அவள் விடவில்லை. ஆளில்லாத வினையைச் சொன்னாள், நானு, நனகெ சொன்னாள், போர்டில் எழுதிய மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். அவன் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டான்.

"நான் எங்க ஆசைப்பட்டேன்? நீ ஆசைப்படுறேன்னு இல்ல நெனச்சிக்கினு இருக்கேன். வேணாம்னு சொன்னா நான் தடுத்த மாதிரி ஆயிடும். அதான் போவணும் போவணும்னு சொல்லிவச்சேன்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கா?" அவன் மறுகரையைப் பார்த்தான். "நீ இல்லாத வீட்டுக்கு வண்டிய ஓட்டிக்கினு வர்றத நெனச்சாலே என்னமோ மாதிரி இருக்குது."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வெட்கப்பட்டு மீன் முள்ளைப் பொறுக்க ஆரம்பித்தான். அப்படியானால் யாரும் தள்ளவில்லை. அவளை அனுப்புகிறவர் என்று யாரும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடும்.

நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். தண்ணீரின் மேல் காற்று ஒரு பட்டையாக வந்து போனது. நிம்மதிக்குப் பதிலாக, பார்த்தே இராத ஓர் ஊர் கண்ணுக்குள் வந்தது. முகம் தெரியாத பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தியின் கையைப் பிடித்து, சால்டரிங் அயர்னை இப்படிச் சாய்த்துப் பிடி என்று அவள் காட்டுகிறாள். என்ன மொழியில் சொல்கிறாள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் புரிகிறது. புகை ஒரு நூலாக மேலே போகிறது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"எனக்குப் போவணும் போல இருக்குதுங்க" என்றாள்.

மாதவன் கையைத் துடைத்துக்கொண்டான். முள் எடுத்து வைத்திருந்த மீன் துண்டை அவள் பக்கம் நகர்த்தினான். வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவள் அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள், மாம்பழ வாசனையில் கண் சொருகியது. மறுநாள் காலையில் ஷூ போட்டுக்கொண்டே, ரயிலில் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டான். அதுதான் அவன் சம்மதம்.

இன்டர்வியூ எடுக்க பெங்களூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மோகனப்ரியா அந்த ஒரு வாக்கியத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தயாராக வைத்திருந்தாள். அவர் சால்டரிங் குறைகளைப் பற்றிக் கேட்டார், சொன்னாள். புதிதாக வந்த பெண் அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தண்ணீர் கொடுப்பேன், பிறகு காரணம் கேட்பேன் என்றாள். இங்கிலீஷ் தடுக்கி விழுந்தாலும் எழுந்து நடந்தது. ஆனால் உங்களுக்குப் போக விருப்பமா என்று அவர் கேட்கவே இல்லை. பேப்பரை மூடி வைத்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைச் சொல்லாமல் எழுவது எப்படி? நாற்காலியின் விளிம்புக்கு வந்து, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"சார், ஐ வான்ட் டு கோ."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "யெஸ், யெஸ், யூ கேன் கோ" என்று கதவைக் காட்டினார்.

வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படிக்கட்டில் காத்திருந்த சுப்ரியா பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்க, சொல்ல முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சொன்னதும் சுப்ரியாவும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வால் சேர்த்திருக்க வேண்டும் அக்கா, டு கோ டு குஜராத் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்றாள். இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டு, தேர்வாகிவிட்டதாகச் சொன்னார். கிளம்பத் தயாரா என்று அவர் கேட்பதற்குள்ளேயே அவள் தலையாட்டிவிட்டாள்.

பெங்களூரில் ரயிலேற்றிவிட மாதவனும் அனிதாவும் வந்தார்கள். அனிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்பாராதபடி, விடாமல் அழுதாள். தினமும் போன் பண்ணுவேன் என்று மோகனப்ரியா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மாதவன் ஓர் அட்டைப்பெட்டியை உள்ளே தள்ளினான். நீலம் மாம்பழம், சீசனின் கடைசிப் பழங்கள். வழியில் பழுத்துவிடும், கூட வருபவர்களுக்கும் கொடு என்றான். ரயில் நகர்ந்தபோது இருவரும் கையைத் தூக்கியபடி நின்று, சிறுத்து, ஒரு தூணுக்குப் பின்னால் போனார்கள்.

அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே அவளுக்குப் பெயர் தெரியாத ஏரி ஒன்று, மாலை வெளிச்சத்தை முழுசாக ஏந்திக்கொண்டு கூடவே வந்தது. மறுநாள் காலை ரயில் பெட்டி முழுக்க மாம்பழ வாசனை. எதிர் சீட்டில் இருந்த அம்மாள் இந்தியில் ஏதோ கேட்டாள். புரியாவிட்டாலும் மோகனப்ரியா சிரித்துக்கொண்டே அட்டைப்பெட்டியைத் திறந்தாள். யாரோ கத்தி கொடுத்தார்கள். முதல் பழத்தை அறுத்தபோது சாறு முழங்கைவரை வழிந்தது.