பிரஸ் ஷாப் பெட்டி

ஆலையில் தகடு அழுத்தும் பிரிவான பிரஸ் ஷாப்பின் ஓட்டுப்பெட்டியைக் கடைசியில்தான் பிரித்தார்கள். தங்கதுரை வேலை பார்ப்பது அங்கேதான்; அது அவனுடைய சொந்தப் பெட்டி. சங்கத் தலைவர் தேர்தலில் அங்கே அவனுக்கு எதிர்ப்பே கிடையாது என்று ஆலை முழுக்கப் பேச்சு.

அவன் ஜெயித்தே ஆகவேண்டும். புனே ஆலைக்கு அவனை மாற்றும் உத்தரவு தயாராக இருந்தது. தலைவரானால் மாற்ற முடியாது. தோற்றால் மறுநாளே மாற்றலாம். அவன் மனைவி வினிதாவுக்கு ஓசூரில் இப்போதுதான் வேலை கிடைத்திருந்தது.

எதிரே நின்றவர் கிருஷ்ணப்பன். ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். பனிக்காலம் வந்தால் தோட்டத்து அவரைக்காயை மூட்டையாகக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவந்து எல்லா ஷாப்புக்கும் பங்கு வைப்பார். மற்ற பெட்டிகளில் அவர் கொஞ்சம் முந்தியிருந்தார். பிரஸ் ஷாப்பில் அதெல்லாம் அடிபட்டுப் போகும்.

கேன்டீன் மேசையில் சீட்டுகளைக் கொட்டி, ஓட்டு எண்ண உட்கார்ந்த மாதவன் பெயர் வாசித்தான்.

"தங்கதுரை. கிருஷ்ணப்பன். கிருஷ்ணப்பன்..."

போகப் போக அவன் குரல் இறங்கியது. பாதிச் சீட்டுகூடத் தங்கதுரைக்கு விழவில்லை.

"சரியா எண்ணினயாப்பா?" என்று ஜெயித்த கிருஷ்ணப்பனே கேட்டார்.

கை கழுவப் போன தங்கதுரையின் பின்னாலேயே பிரஸ் ஷாப் நல்லுசாமி வந்தான்.

"அண்ணா, நான் ஒருத்தன்தான் அவருக்குப் போட்டேன்னு நெனச்சேன். நம்ம ஷாப்புல ஒண்ணுகூட விழலைன்னா பெரியவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? நீங்கதான் எப்படியும் ஜெயிக்கறீங்களே."

"சரி, விடு."

அடுத்து ஹரீஷ்குமார். "ஒரு மரியாதைக்குப் போட்டதுண்ணா." அடுத்து நவீன்குமார். அதே பேச்சு.

"அவரைக்காய் தின்னவனெல்லாம் வரிசையில வாங்கப்பா" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

"இப்பக் கேட்டாலும் எங்களுக்குத் தலைவர் நீங்கதாண்ணா" என்றான் நல்லுசாமி.

பொய் இல்லை. தங்கதுரைக்கு அது தெரிந்தது. கோபம் வருமென்று பார்த்தான், வரவில்லை. விரலிடுக்கில் ஒட்டியிருந்த ஆயிலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

வாசலில் ஹெச்.ஆர். ஆள் மாற்றல் உத்தரவுக் கவரை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

பஸ்ஸில் வழக்கம்போல அவனுக்கு முன்சீட்டைப் பிடித்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்தான். பஸ் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டியது.

"புனேல நம்ம சாப்பாடு கிடைக்குமாண்ணா?" என்றான் நவீன்குமார்.

"விசாரிக்கணும்" என்றான் தங்கதுரை.